சின்னச் சொற்கள் எங்கே இருக்கின்றன?

மாட்ரிட்டிலோ மெக்சிகோ நகரத்திலோ பிறந்து வளர்ந்த ஒருவர் ஆங்கிலம் கற்கத் தொடங்கும்போது அவர் கையில் ஏற்கெனவே பெரிய சொல் முதல் இருக்கிறது. ‘இன்ஃபொர்மாசியோன்’ என்று வீட்டில் சொன்னவருக்கு ‘இன்ஃபர்மேஷன்’ புதிதல்ல, ‘ஊனிவெர்சிதாத்’ தெரிந்தவர் ‘யூனிவர்சிட்டி’யைத் தேடி அகராதிக்குப் போவதில்லை, ‘நாதுரால்மெந்தே’ தெரிந்தால் ‘நேச்சுரலி’ தெரியும். சொல்லின் வால்பகுதியை இப்படி மாற்றத் தெரிந்துகொண்டாலே ஆயிரக்கணக்கான சொற்கள் வசப்படுகின்றன. இவர் ஓர் ஆங்கில நாளிதழின் தலையங்கத்தையோ பொருளாதார அறிக்கையையோ பெரிய சிரமமில்லாமல் படித்துவிடுவார். அதே மனிதரிடம் பத்து வயதுக் குழந்தைக்காக எழுதப்பட்ட ஆங்கிலக் கதை ஒன்றைக் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே நாலைந்து இடத்தில் தடுக்கி நிற்பார். பெரிய சொற்கள் புரிந்து சின்னச் சொற்கள் புரியாமல் போகும் இந்த நிலைக்குத் தெளிவான காரணங்கள் உண்டு. அந்தக் காரணங்களைத் தொடர்ந்து சென்றால் ஒரு முடிவு கிடைக்கிறது: ஸ்பானிய மொழிக்காரருக்கு ஆங்கிலக் கதையிலக்கியம் மொழி கைவந்த பிறகு சுவைக்க வேண்டிய ஆடம்பரமல்ல. அவருக்கு இல்லாத சொற்கள் அடர்ந்து கிடக்கும் இடமே அதுதான்.

ஆங்கிலம் ஜெர்மானியக் குடும்பத்து மொழி. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பிறகு சட்டம், நிர்வாகம், பிரபுக்களின் வாழ்க்கை எல்லாம் பிரெஞ்சின் வழியே நடந்தன. கல்விக்கும் சமயத்துக்கும் லத்தீன் இருந்தது. மறுமலர்ச்சிக் கால அறிஞர்கள் இன்னும் ஏராளமான லத்தீன் சொற்களை உள்ளே கொண்டுவந்தார்கள். 1973இல் தாமஸ் ஃபின்கென்ஸ்டெட், டீட்டர் வோல்ஃப் இருவரும் ஆங்கில அகராதி ஒன்றின் சுமார் 80,000 சொற்களை வேர்வாரியாகக் கணக்கிட்டபோது, பிரெஞ்சும் லத்தீனும் சேர்ந்து பாதிக்கு மேல் இருந்தன. ஜெர்மானிய வேர் உள்ளவை கால்பங்குதான். லத்தீனின் வழித்தோன்றலான ஸ்பானியத்துக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது. ஆனால் அகராதியில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரே ஓர் இடம். பேச்சிலும் எழுத்திலும் அப்படியல்ல. அடிக்கடி புழங்கும் சில சொற்களே எந்த உரையிலும் பெரும்பகுதியை நிரப்பிவிடுகின்றன என்று மொழியியலாளர் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் 1930களிலேயே காட்டினார். ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் முதல் நூறு சொற்களை எடுத்துப் பார்த்தால் அவை ஏறக்குறைய எல்லாமே ஜெர்மானியச் சொற்கள். கை, கால், வாய், உணவு, நடை, பார்வை, கோபம், தூக்கம் என்று உடம்பையும் வீட்டையும் ஒட்டிய வாழ்க்கை அந்தப் பழைய சொற்களிலேயே நடக்கிறது. அகராதியில் பாதியைப் பிறப்பிலேயே பெற்றவர், வீட்டுக்குள் புழங்கும் பாதியை ஒவ்வொன்றாகச் சம்பாதிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பிளவு எழுத்தின் வகையோடு சேர்ந்து போகிறது என்பதற்கு மொழியியலாளர் ஏவெரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டு வெளியிட்ட பட்டியல் நல்ல சான்று. பல்கலைக்கழகப் பாடநூல்களிலும் ஆய்வுக் கட்டுரைகளிலும் துறை வேறுபாடின்றி வரும் சொற்களைத் திரட்டி 570 சொற்குடும்பங்களாக (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறந்த வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம்) அவர் தொகுத்தார். கல்வித்துறை எழுத்தில் ஓடும் சொற்களில், அதாவது திரும்ப வரும் சொல்லை ஒவ்வொரு முறையும் எண்ணினால், சுமார் 10 சதவீதம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கும். அதே பட்டியலைக் கதை இலக்கியத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது கிடைத்தது 1.4 சதவீதம்தான். பட்டியலில் 80 சதவீதத்துக்கு மேற்பட்டவை கிரேக்க, லத்தீன் வேரிலிருந்து வந்தவை. ஸ்பானியருக்குச் சும்மாவே கிடைக்கும் சொற்கள் பாடநூலில் குவிந்திருக்கின்றன, நாவலிலோ அவை அருகியே வருகின்றன. நாவலை நிரப்புவது வேறு சரக்கு. கட்டுரைகளையும் அறிக்கைகளையும் மட்டும் படித்து ஆங்கிலம் வளர்க்கும் ஸ்பானிய மொழிக்காரர், ஏற்கெனவே தன்னிடம் உள்ளதையே திரும்பத் திரும்பச் சந்தித்துக்கொண்டிருக்கிறார் என்று நான் சொல்வது இதனால்தான். அவர் முன்னேறுவதாக உணர்வார். படிக்கும் வேகமும் கூடும். இல்லாத பாதி மட்டும் இல்லாமலே இருக்கும்.

அந்தச் சரக்கு எத்தகையது என்பதை அசைவு வினைகளில் தெளிவாகப் பார்க்கலாம். ஒருவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் போவதைச் சொல்லும்போது இரண்டு செய்திகள் இருக்கின்றன: எந்தத் திசையில் போனார், எந்த விதமாகப் போனார். மொழிகள் இந்த இரண்டையும் வாக்கியத்தில் எங்கே வைக்கின்றன என்பதைக் கொண்டு அவற்றை வகைப்படுத்தலாம் என்று மொழியியலாளர் லெனர்ட் டால்மி 1985இல் விரிவாக எழுதினார். ஸ்பானியம் திசையை வினைக்குள் வைக்கிறது: ‘என்த்ரார்’ என்றால் உள்ளே போதல், ‘சாலிர்’ வெளியே போதல், ‘சுபிர்’ மேலே போதல், ‘பஹார்’ கீழே போதல். எப்படிப் போனார் என்பதைச் சொல்ல வேண்டுமானால் தனியாக ஓர் எச்சத்தைச் சேர்க்க வேண்டும். ‘என்த்ரோ கொரியெந்தோ’, ஓடியபடி நுழைந்தார். தமிழிலும் ‘ஓடி உள்ளே நுழைந்தார்’ என்னும்போது முற்றுவினை நுழைவைச் சொல்ல, ஓட்டம் எச்சமாகத்தான் நிற்கிறது. ஆங்கிலம் இதைத் தலைகீழாகச் செய்கிறது. ‘ரான் இன்’ என்பதில் ஓட்டமே முற்றுவினை. உள்ளே என்பது கடைசியில் வரும் ஒரு துணுக்கு. திசையை அந்தத் துணுக்கு பார்த்துக்கொள்வதால் வினையின் இடம் விதத்துக்காகத் திறந்திருக்கிறது; கூடுதலாக ஒரு சொல்கூடச் செலவில்லாமல் நடையின் சாயலைச் சொல்லிவிடலாம். காலாற நடந்தால் ‘ஸ்ட்ரோல்’, அலுப்பில் கால் கனத்து நடந்தால் ‘ட்ரட்ஜ்’, பாதத்தைத் தூக்காமல் தேய்த்து நடந்தால் ‘ஷஃபிள்’, எட்டி எட்டி வைத்தால் ‘ஸ்ட்ரைட்’, நுனிக்காலில் போனால் ‘டிப்டோ’. ஸ்பானியத்திலும் நொண்டுவதற்கும் தள்ளாடுவதற்கும் தனி வினைகள் உண்டு. ஆனால் நுழைவதையோ இறங்குவதையோ சொல்லும் வாக்கியத்தில் அவை எளிதாக முற்றுவினையாக அமர்வதில்லை. பெரும்பாலும் எழுத்தாளர் விதத்தைச் சொல்லாமலே விட்டுவிடுகிறார், வாசகர் சூழலிலிருந்து ஊகித்துக்கொள்கிறார்.

டால்மியின் வகைப்பாட்டைக் கதை சொல்லலில் சோதித்துப் பார்த்தவர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டான் ஸ்லோபின். மெர்சர் மேயர் 1969இல் வரைந்த, சொற்களே இல்லாத, தவளையைத் தேடும் சிறுவனின் படக்கதையைப் பல மொழிக்காரர்களிடம் கொடுத்துக் கதையாகச் சொல்லச் சொன்னார்கள் அவரும் அவரோடு வேலை செய்தவர்களும். ஆங்கிலத்தில் சொன்னவர்கள், ஸ்பானியத்தில் சொன்னவர்களைவிட, அசைவின் விதத்தைக் காட்டும் வினைகளை அதிகமாகவும் பல வகையாகவும் பயன்படுத்தினார்கள். பிறகு நாவல்களுக்கும் அவற்றின் மொழிபெயர்ப்புகளுக்கும் போனார் ஸ்லோபின். 1996இல் அவர் எழுதிய ஆய்வின்படி, ஆங்கில நாவல் ஸ்பானியத்துக்குப் போகும்போது அசைவின் விதம் பற்றிய செய்திகளில் ஏறத்தாழ பாதி காணாமல் போகிறது. மொழிபெயர்ப்பாளரின் திறமைக் குறைவு என்று இதைச் சொல்ல முடியாது. எல்லாவற்றையும் கொண்டுவர முயன்றால் ஸ்பானிய உரைநடை எச்சங்களின் பாரத்தில் நொடித்துப்போகும். நல்ல மொழிபெயர்ப்பாளர் அதைத் தவிர்க்கிறார். கற்பவருக்கு இதன் விளைவு பெரிது. ஸ்பானியத்தில் ஆயிரம் நாவல் படித்தவருக்குக்கூட இந்த வினைகளுக்கான இடங்கள் மனத்தில் தயாராக இருப்பதில்லை. ‘ட்ரட்ஜ்’ என்பதை அகராதியில் பார்த்தால் ‘சிரமப்பட்டு நடத்தல்’ என்று ஒரு தொடர் கிடைக்கும். அதே தொடர் வேறு மூன்று வினைகளுக்கும் கிடைக்கும். பனியில் நடக்கும் படைவீரனுக்கும் கள்ளுண்டு நடப்பவனுக்கும் முழங்கால் வலிக்கும் கிழவிக்கும் ஆங்கிலம் எந்தெந்த வினையைக் கொடுக்கிறது என்பதை, அந்த மூவரும் நடமாடும் கதைக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நடையோடு இது நிற்கவில்லை. பேசும் விதம், பார்க்கும் விதம், சிரிக்கும் விதம், ஒளி விழும் விதம் எல்லாவற்றுக்கும் ஆங்கிலத்தில் இப்படிச் சொற்கூட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் சில ஒலியாலும் ஒன்றுசேர்ந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. ‘க்ளீம்’, ‘க்ளிட்டர்’, ‘க்ளிம்மர்’, ‘க்ளோ’, ‘க்ளிண்ட்’, ‘க்ளேர்’ என்று ‘க்ள்’ ஒலியில் தொடங்கும் சொற்கள் திரும்பத் திரும்ப ஒளியையோ பார்வையையோ குறிக்கின்றன. ஜே. ஆர். ஃபர்த் 1930இலேயே இத்தகைய ஒலி–பொருள் கூட்டங்களுக்குப் பெயரிட்டார். பெஞ்சமின் பெர்கன் 2004இல் செய்த ஆய்வில், எழுத்துத் தொகுப்பு ஒன்றில் ‘க்ள்’ என்று தொடங்கிய சொற்கள் வந்த இடங்களில் சுமார் 60 சதவீதம் ஒளி அல்லது பார்வையைச் சார்ந்திருந்தன. இக்கூட்டத்தின் ஒரு சொல்லைப் பார்த்தவுடன் அதே கூட்டத்தின் இன்னொரு சொல்லை ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் விரைவாக அடையாளம் கண்டார்கள். ஒலி மட்டும் ஒத்த சொற்களிலும் பொருள் மட்டும் ஒத்த சொற்களிலும் அந்த அளவு விரைவு இல்லை. பளபள, மினுமினு, தகதக என்று தமிழ் இரட்டைக்கிளவியில் வைத்திருக்கும் நுட்பத்தை ஆங்கிலம் வினைகளில் வைத்திருக்கிறது எனலாம். இதை யாரும் விதியாகக் கற்பிக்க முடியாது. பத்துச் சொற்களைப் பத்துக் காட்சிகளில் சந்தித்தவருக்குப் பதினோராவது சொல் வரும்போது அதன் ஒலியே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறது.

ஃபிரேசல் வெர்ப் எனப்படும் கூட்டுவினைகளின் கதையும் இதுவே. ‘புட்’, ‘கெட்’, ‘டேக்’ போன்ற வினையோடு ‘அப்’, ‘ஆஃப்’, ‘அவுட்’ போன்ற துணுக்கு சேர்ந்து புதுப்பொருள் தருவது ஸ்பானியத்தில் வழக்கமில்லை. ஆங்கிலத்தில் இவை பேச்சிலும் புனைகதையிலும் நிறைந்தும் கல்வித்துறை எழுத்தில் குறைந்தும் இருப்பதை 1999இல் வந்த லாங்மன் இலக்கணம் கணக்கெடுத்துக் காட்டியது. ஸ்பானிய மொழிக்காரர் இவற்றுக்குப் பதிலாகத் தனக்கு வசதியான லத்தீன் சொல்லை எடுத்துக்கொள்கிறார். ஸ்பானியத்தில் தொடங்குவதற்கு ‘கொமென்சார்’ சாதாரண வீட்டுச் சொல். ஆங்கிலத்தில் ‘கமென்ஸ்’ விழா அழைப்பிதழின் சொல். பொருள் சரிதான், தோரணை தவறு. சமையலறையில் நின்று அரசாணை வாசிப்பவர்போல் ஒலிக்கும் இந்தக் குறையை எந்த இலக்கணத் தேர்வும் பிடிக்காது. உரையாடல் நிறைந்த நாவலின் ஐம்பது பக்கம் அதை உணர்த்திவிடும்.

சரி, சொற்கள் அங்கே இருக்கின்றன. படித்தால் அவை மனத்தில் தங்குமா? இதுவே வலுவான கேள்வி. 1978இல் வெளியான ஓர் ஆய்வில், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடம் ஆந்தனி பர்ஜஸின் ‘எ க்ளாக்வொர்க் ஆரஞ்சு’ நாவலைப் படிக்கச் சொன்னார்கள். ரஷ்ய மொழியை ஒட்டி பர்ஜஸ் உருவாக்கிய 241 கொச்சைச் சொற்கள் அதில் சராசரியாகப் பதினைந்து முறை வருகின்றன. சொல்தேர்வு இருக்கும் என்று அறியாமல் படித்தவர்கள் சோதிக்கப்பட்ட சொற்களில் முக்கால் பங்கின் பொருளை அறிந்திருந்தார்கள். அவர்கள் தாய்மொழியில் படித்தவர்கள்தானே என்று மறுக்கலாம், நியாயமான மறுப்பு. 2010இல் அனா பெலிசெர்-சான்செஸும் நார்பர்ட் ஷ்மிட்டும் செய்த ஆய்வு நேராக நம் விஷயத்துக்கே வருகிறது. ஆங்கிலத்தில் தேர்ச்சியுள்ள ஸ்பானிய மாணவர்கள் சினுவா அச்செபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ நாவலைப் படித்தார்கள். அதில் வரும் இக்போ மொழிச் சொற்களை முன்பே அறிந்திருக்க அவர்களுக்கு வாய்ப்பில்லை, ஸ்பானிய உறவும் அவற்றுக்குக் கிடையாது. ஆகவே கற்றது எல்லாம் நாவலிலிருந்து கற்றதே. பத்து முறைக்கு மேல் வந்த சொற்களில் 84 சதவீதத்தின் பொருளை அவர்கள் தெரிவுகளிலிருந்து சரியாக அடையாளம் கண்டார்கள். 55 சதவீதத்தின் பொருளைத் துணையின்றித் தாங்களே சொன்னார்கள். திருத்தாத, சுருக்காத, முழு நாவல் அது.

மறுபக்கத்துச் சான்றையும் ஒளிக்கக் கூடாது. ராப் வேரிங், மிசாகோ தகாகி இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், ஜப்பானிய மாணவர்கள் எளிமைப்படுத்திய ஒரு கதையில் 25 புதுச் சொற்களைச் சந்தித்தார்கள். படித்து முடித்ததும் அவர்களால் மொழிபெயர்க்க முடிந்தது சராசரியாக ஐந்துக்கும் குறைவு. மூன்று மாதம் கழித்து ஏறக்குறைய ஒன்று. ஒரு புத்தகத்தைப் படித்துவிட்டு நிறுத்தினால் கிடைப்பது இதுதான். ஆனால் அதே ஆய்வில், கொடுத்த விடைகளிலிருந்து தேர்ந்தெடுக்கும் தேர்வில் உடனடியாகப் பத்துக்குச் சற்று மேலும் மூன்று மாதத்துக்குப் பின் ஆறும் சரியாக இருந்தன. முழுதாக நினைவில் நிற்காத சொல்லும் ஒரு சுவடு பதித்துவிட்டுப் போகிறது. அது அழியும் முன்பு மறுபடி அந்தச் சொல் எதிர்ப்பட்டால் கற்றல் அங்கிருந்து தொடரும். அப்படியானால் எவ்வளவு படிக்க வேண்டும்? நியூசிலாந்தின் பால் நேஷன் 2014இல் கணக்கிட்டார். நாவல்களை மட்டும் படித்து, புழக்க வரிசையில் இரண்டாவது ஆயிரத்துச் சொற்களைப் பன்னிரண்டு முறை போலச் சந்திக்க சுமார் 2 லட்சம் ஓடும் சொற்கள் போதும். ஒன்பதாவது ஆயிரத்துக்கு 30 லட்சம் தேவை. நாவல் ஒன்று ஒரு லட்சம் சொல் என்றால் முப்பது நாவல். சிலர் இதைப் பார்த்து வாசிப்பால் ஆகாது என்கிறார்கள். எனக்கு இது கைக்கெட்டும் தொலைவாகவே தெரிகிறது: மாதம் ஒன்றாக இரண்டரை ஆண்டு. அதோடு, ஒரே ஆசிரியரைத் தொடர்ந்து படித்தால் தேவை இன்னும் குறையலாம். ஒவ்வொரு எழுத்தாளருக்கும் கைவாகான வினைகள் உண்டு, அவை புத்தகத்துக்குப் புத்தகம் திரும்பி வரும். ஸ்டீஃபன் கிராஷன் 1981இலேயே இத்தகைய குறுகிய வட்டத்து வாசிப்பைப் பரிந்துரைத்தார்.

நாவலே புரியாதவர் அதிலிருந்து எப்படிச் சொல் கற்பார் என்பது அடுத்த மறுப்பு. துணையில்லாமல் கதையைப் புரிந்துகொள்ள 98 சதவீதச் சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூ, நேஷன் இருவரின் 2000ஆம் ஆண்டுச் சோதனை காட்டியது; 80 சதவீதம் மட்டும் தெரிந்த யாருக்கும் கதை போதிய அளவு புரியவில்லை. அந்த 98 சதவீதத்தை எட்ட எட்டாயிரம் முதல் ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் என்பது நேஷனின் 2006ஆம் ஆண்டுக் கணக்கு. இந்த மறுப்பு தொடக்க நிலையினருக்கு முழுக்கப் பொருந்தும். அவர்கள் சுருக்கி எளிமையாக்கிய கதைகளில்தான் தொடங்க வேண்டும். ஆனால் துணையில்லாமல் என்ற நிபந்தனையைக் கவனிக்க வேண்டும். விரலால் தொட்டால் அகராதி திறக்கும் மின்னூலில் படிப்பவர் அந்த எல்லைக்கு வெகு முன்பே உள்ளே நுழையலாம். இன்னொரு வகை மறுப்பாளர்கள் சொல்லட்டைகளைக் காட்டுகிறார்கள்: ஒரு மணி நேரத்தில் அட்டையால் கற்கும் சொற்களின் எண்ணிக்கையை நாவல் எட்டாது. உண்மைதான். சொல்லையும் பொருளையும் முதல்முறை இணைக்க அட்டையைப் போல் விரைவான கருவி இல்லை. நாவலில் கண்ட வினையை அன்றே அட்டையில் எழுதி வாரக்கணக்கில் திருப்பிப் பார்ப்பதை நானும் வலியுறுத்துவேன். அட்டையின் பின்புறம் என்ன எழுதுவது என்பதில்தான் சிக்கல். ‘நடத்தல்’ என்று ஐந்து அட்டைகளின் பின்னால் எழுதினால் ஐந்தும் ஒன்றாகிவிடும். நாவலின் வாக்கியத்தையே எழுதினால் வினையோடு அதன் ஆளும் நிலமும் களைப்பும் சேர்ந்து வரும்.

எந்த நாவல் என்பது சிறிய கேள்வியல்ல. பழைய பேரிலக்கியத்தில்தான் தொடங்க வேண்டும் என்ற ஆசிரியர்களின் எண்ணம் தவறு; வழக்கொழிந்த சொற்களுக்காக இந்த உழைப்பு வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் புலமை பெற்ற டோல்கீன் 1937இல் வெளியிட்ட ‘த ஹாபிட்’ உடலசைவு வினைகளின் களஞ்சியம். ஸ்லோபினும் அதன் ஆறாவது அத்தியாயத்தையே பல மொழிகளில் ஒப்பிட்டார். ஹெமிங்வே விஷயத்தில் எச்சரிக்கை வேண்டும். ‘த ஓல்ட் மேன் அண்ட் த சீ’ கடலும் கயிறும் கையும் முதுகும் பற்றிய சின்னச் சொற்களால் கட்டப்பட்ட சிறிய புத்தகம், மிகப் பொருத்தமானது. ‘ஃபார் ஹூம் த பெல் டோல்ஸ்’ நாவலிலோ ஸ்பானியப் பேச்சைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கியது போன்ற உரையாடலை அவர் வேண்டுமென்றே எழுதியிருக்கிறார். கலையாக அது பெரிது, ஆனால் ஸ்பானிய மொழிக்காரர் கழிக்க விரும்பும் பழக்கத்தையே அது உறுதிப்படுத்தும். சாண்ட்ரா சிஸ்னெரோஸின் ‘த ஹவுஸ் ஆன் மேங்கோ ஸ்ட்ரீட்’ மிகச் சிறிய அத்தியாயங்களால் ஆனது. சிகாகோவின் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களின் அன்றாட ஆங்கிலம் அதில் இருக்கிறது.

கண்ணால் கற்ற சொல் காதில் விழுந்தால் தெரியாது என்பது ஸ்பானிய மொழிக்காரர் விஷயத்தில் கூடுதலாக உண்மை. ஸ்பானியத்தில் எழுதியதை எழுதியபடியே படிக்கலாம், உயிரொலிகள் ஐந்துதான். அந்தப் பழக்கத்தில் ஆங்கில எழுத்துகளை வாசிப்பவர் மனத்தில் வேறொரு சொல்லே பதிந்துவிடும். இதற்கு ஒலிப்புத்தகத்தை ஓடவிட்டு அதோடு சேர்ந்து படிப்பது பயன்படுகிறது. 2008இல் ரொனான் பிரவுன் முதலியோர் படித்தல், கேட்டுக்கொண்டே படித்தல், கேட்டல் மட்டும் என்று மூன்றையும் ஒப்பிட்டபோது கேட்டுக்கொண்டே படித்தவர்கள் சற்று முன்னால் நின்றார்கள். கேட்க மட்டும் செய்தவர்கள் வெகுவாகப் பின்தங்கினார்கள்.

கதை முன்பே தெரிந்திருந்தால் சுமை இன்னும் குறையும். ஸ்பானிய வாசகருக்கு இங்கே பிறர்க்கில்லாத வசதி ஒன்று உண்டு: கப்ரியேல் கார்சியா மார்க்கெஸின் ‘நூறாண்டுத் தனிமை’யை கிரெகரி ரபாஸா 1970இல் ஆங்கிலமாக்கினார், அந்த மூலத்தைத் தாய்மொழியில் படித்தவர்கள் ஏராளம். ஸ்பானியத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வரும் மொழிபெயர்ப்பாளர்கள் மூலத்தில் உள்ள அசைவின் விதத்தைப் பெரும்பாலும் காப்பாற்றுகிறார்கள், சில இடங்களில் மூலத்தில் இல்லாததைச் சேர்க்கவும் செய்கிறார்கள் என்று ஸ்லோபின் கண்டார். ஆங்கில வாசகரின் காது அதைக் கேட்கிறது. இரண்டு புத்தகங்களையும் அருகருகே வைத்துக்கொண்டு, ஸ்பானியப் பக்கத்தில் ஆட்கள் வெறுமனே வந்த, போன, ஏறிய, இறங்கிய இடங்களில் ஆங்கிலப் பக்கம் எந்த வினையை வைத்திருக்கிறது என்று பென்சிலால் கோடிட்டுக்கொண்டே போனால், ஒரு ஸ்பானிய மொழிக்காரர் கற்க வேண்டிய சொற்பட்டியல் அவருடைய சொந்த இலக்கியத்திலிருந்தே கிடைத்துவிடும்.